கண்ணில் அடிபட்ட முதல் நாள்

கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் அடியோடு மட்டும் வருவதில்லை. அடிபட்ட பிறகு கண்ணுக்குள் யாரோ விட்ட ஒன்றையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். அது தாய்ப்பாலாக இருக்கும், விளக்கெண்ணெயாக இருக்கும், நந்தியாவட்டைப் பூவின் சாறாக இருக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தாக இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அடி சிறிதாக இருந்தும் பார்வையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி பெரிதாக இருந்தும் பிழைத்துக்கொண்ட கண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் விசாரித்துப் பார்த்தால், முதல் நாளில் வயலிலும் வீட்டிலும் பட்டறையிலும் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதிலேயே பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். எந்தக் கண்ணில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், எந்தக் கண்ணில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, எதற்கு அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பது நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெல்லில் இருந்து தொடங்குவதுதான் முறை. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் அறுவடையாகும் மாசி, பங்குனி மாதங்களில் கருவிழியில், அதாவது கண்ணின் கறுப்புப் பகுதியை முன்புறம் மூடியிருக்கும் தெளிந்த படலத்தில், கீறலோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகும், இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயலிலும் வரப்போரத்திலும் அரிவாளுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது; வைக்கோலைப் புரட்டிக் கட்டுவதும், நெல்லைத் தூற்றுவதும், களத்தில் பதரைக் கூட்டி அள்ளுவதும் கையால்தான் நடக்கின்றன. குனிந்து அறுக்கும்போது தாளின் நுனி கண்ணில் கீறிவிடும். தூற்றும்போது உமியோ சுணையோ பறந்து வந்து விழும். வலி சுருக்கென்று இருக்கும், கொஞ்ச நேரம் நீர் வடியும், பிறகு தணிந்துவிடும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கருவிழி நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அது கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. மேல்தோல் முழுதாக இருக்கும்வரை கிருமிகள் எளிதில் உள்ளே புக முடியாது. அது கீறிப்போனால் ஒன்றிரண்டு நாளில், பெரிய கீறலானால் மூன்று நாளில், தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் கீறியது சுத்தமான பொருளாக இல்லாமல் நெல் தாளாகவோ, முள்ளாகவோ, கருக்குமட்டையாகவோ இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் காளான் கிருமியும் கீறலோடு உள்ளே போய்விடுகிறது. ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயர் கொண்ட இந்தக் காளான்கள் மண்ணிலும் அழுகிய செடியிலும் இயல்பாக வாழ்பவை. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 284 பேருக்குப் புண் வருவதற்கு முன்னால் கண்ணில் அடி பட்டிருந்தது தெரிய வந்தது. கிருமி வளர்ந்து கிடைத்த மாதிரிகளில் பாக்டீரியாவும் காளானும் கிட்டத்தட்ட சரிபாதியாக இருந்தன. குளிர்நாடுகளில் காளான் புண் அரிது. நம்மைப் போன்ற வெப்பமான விவசாயப் பகுதியில் அது அன்றாட நோய்.

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணாச்சி, கண்ணுல என்ன விட்டீங்க?" என்று கேட்டேன். "மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க சார். ரெண்டு நாளு நல்லாக் கேட்டுச்சு. செவப்பெல்லாம் இறங்கிட்டு. பொறவுதான் வெள்ளை விழுந்துட்டு" என்றார். மேல்சட்டைப் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். குளோராம்ஃபெனிகாலும் டெக்சாமெத்தசோனும் கலந்த மருந்து அது. டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது சிவப்பையும் எரிச்சலையும் அடக்கும். ஆகவே நோயாளிக்குச் சுகமாகிவிட்டது என்று தோன்றும். அதே நேரத்தில் கிருமியை எதிர்க்க உடம்பு அனுப்பும் படையையும் அது அடக்கிவிடுவதால், காளான் தடையில்லாமல் கருவிழிக்குள் இறங்கும். புண் உள்ள இடத்தை ஒளிரச் செய்யும் சாயம் தோய்ந்த மருந்துத் தாளின் ஆரஞ்சு நுனியை அவருடைய கீழ் இமைக்குள் தொட்டு எடுத்துவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியான ஸ்லிட் லேம்ப்பில் நீல ஒளியைப் போட்டுப் பார்த்தபோது, கருவிழியின் நடுவில் பச்சை நிறமாக ஒளிரும் வட்டமும், அதைச் சுற்றி மயிர்மயிராகப் பிரிந்து ஓடும் சாம்பல் நிற விளிம்பும் தெரிந்தன. அந்த விளிம்பைப் பார்த்தாலே காளானாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் காளான் இழைகள் நேராகவே தெரியும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நாட்டமைசின் என்னும் சொட்டு மருந்தை முதலில் மணிக்கு ஒரு முறை, பிறகு குறைத்துக் குறைத்து, வாரக் கணக்கில் விட வேண்டும். விலை கூடிய புதிய மருந்தான வோரிகோனசோலோடு அதை ஒப்பிட்டு, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நாட்டமைசினே மேல் என்று தெரிந்தது. அதிலும் ஃபுசேரியத்துக்கு வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் ஒன்று: புண் ஆறினாலும் தழும்பு இருக்கும். நம் பக்கம் 'பூ விழுந்துவிட்டது' என்று சொல்வது அந்தத் தழும்பைத்தான். அது கருவிழியின் நடுவில் இருந்தால், பிறகு கண் தானம் கிடைத்துக் கருவிழி மாற்றினால் ஒழியப் பார்வை தெளியாது.

அதனால் புண் வருவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் ஊர்தோறும் சுகாதாரத் தொண்டர்களை வைத்து, கருவிழிக் கீறலோடு வந்த 442 பேருக்கு 1 சதவீத குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை வீதம் மூன்று நாள் மட்டும் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. தாமதமாக வந்தவர்களில் சிலருக்கு வந்தது. 2001-இல் வெளியான இந்த ஆய்வு நம் ஊருக்காகவே செய்தது என்று எனக்குத் தோன்றும். காலையில் தாள் கீறினால் மாலைக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். கண்ணில் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. செடியும் தாளும் கீறிய கண்ணை இறுக்கி மூடிக் கட்டினால், உள்ளே இருக்கும் கிருமிக்கு வெதுவெதுப்பும் ஈரமும் கிடைக்கும். தாய்ப்பாலும் எண்ணெயும் பச்சிலைச் சாறும் கீறிய கண்ணுக்கு ஆகா. அன்பினாலும் நம்பிக்கையினாலும்தான் ஆச்சிமார் அதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கீறலுக்குள் கிருமியைக் கொண்டு போய்ச் சேர்க்கும் வழி அது.

சுண்ணாம்புக்கு வருகிறேன். நெல் கீறல் மெதுவாகக் கெடுக்கும். சுண்ணாம்பு நிமிடங்களில் கெடுக்கும். வெற்றிலைக்குப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கும் சுண்ணாம்பைத் தாத்தாவின் மடியிலிருந்து எடுத்துக் குழந்தை பிதுக்கி விளையாடும். உறை பட்டென்று வெடித்து நேராக முகத்தில் அடிக்கும். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் பட்டுவிடுவதும் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அண்ணாந்து மட்டையை இழுக்கிறவர்களின் கண்ணில் சொட்டுவதும் வழக்கம். அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் உறைந்து, அந்த உறைவே ஓரளவு தடையாக நின்றுவிடும். சுண்ணாம்பு காரம், அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். அதோடு சுண்ணாம்பு கட்டிகட்டியாக இமையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, கரையக் கரையப் புதிதாகக் காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே நம் மக்களின் கையைக் கட்டிப்போடும் பயம் ஒன்று உண்டு. 'சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண் வெந்துவிடும்' என்று சொல்லி, தண்ணீருக்குப் பதிலாக நெய்யோ எண்ணெயோ விடுகிறார்கள். கொதிப்பது நீற்றாத கற்சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பும் ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றியவை. அவற்றுக்கு இனிமேல் கொதிக்க எதுவும் இல்லை. நீற்றாத சுண்ணாம்புத் தூளே கண்ணில் விழுந்தாலும், இமையிலும் கன்னத்திலும் ஒட்டியிருக்கும் உலர்ந்த தூளைத் துணியால் தட்டித் துடைத்துவிட்டு, உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுவதுதான் வழி. சொட்டுச் சொட்டாக விடுவது போதாது. வெள்ளமாகப் பாய வேண்டும்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். குழந்தையானால் கைகள் அசையாதபடி ஒரு துண்டில் சுற்றி மடியில் படுக்க வையுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாயுங்கள். கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடக் கூடாது. ஒருவர் இரண்டு விரலால் இமைகளைப் பிரித்துப் பிடிக்க, இன்னொருவர் செம்பிலிருந்து மூக்கோரத்திலிருந்து காதுப்புறமாகத் தண்ணீரை ஓட விட வேண்டும். குழாய்த் தண்ணீரானாலும் பம்ப்செட் தண்ணீரானாலும் பரவாயில்லை. சுத்தமான தண்ணீரைத் தேடி ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க வேண்டாம். கண்ணை மேலும் கீழும் இடமும் வலமும் சுழற்றச் சொல்லுங்கள். குழந்தை அலறும், அலறினாலும் நிறுத்தக் கூடாது. குறைந்தது 20 நிமிடமாவது, முடிந்தால் அரை மணி நேரம் கழுவிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும். கழுவாமல் ஓடிவந்து பெரிய மருத்துவமனையில் சேர்ப்பதைவிட, வீட்டு முற்றத்தில் நின்று கழுவிவிட்டுத் தாமதமாக வருவது எவ்வளவோ மேல். மருத்துவமனையில் மேல் இமையைப் புரட்டி உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்குகளை ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு மீண்டும் கழுவுவார்கள். காரத்தன்மை இயல்புக்கு வந்துவிட்டதா என்று தாள் வைத்துப் பார்த்த பிறகே நிறுத்துவார்கள்.

பெற்றோரை ஏமாற்றும் அறிகுறி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பு பட்ட கண் நன்றாகச் சிவந்திருந்தால் பயப்படுகிறார்கள். வெளுப்பாக இருந்தால் 'ஒன்றும் ஆகவில்லை' என்று ஆறுதல் கொள்கிறார்கள். உண்மை தலைகீழானது. கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பில் இரத்தக் குழாய்கள் கருகிப் போனால்தான் கண் அப்படி வெளுத்துக் காணும். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. ஆகவே சிவக்காத கண்ணுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

எருக்கம்பால் வேறொரு விதத்தில் ஏமாற்றும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும்போது காம்பை ஒடித்த கையால் கண்ணைக் கசக்கிவிடுவார்கள். கள்ளிப்பால் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் இருக்கும். அதனால் உடனே ஓடி வருவார்கள். எருக்கம்பால் பட்ட பலருக்கு அவ்வளவு வலி இருப்பதில்லை, பார்வை மட்டும் புகைமூட்டமாகிவிடும். கருவிழியின் உள்ளடுக்கில் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் செல்களை அந்தப் பால் பாதிப்பதால், கருவிழி ஊறி வீங்கி மங்கலாகிறது. இரண்டுக்கும் முதல் வேலை தண்ணீர். அடுத்தது அன்றைக்கே மருத்துவர். எருக்கம்பாலுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தேவைப்படலாம். அதே ஸ்டீராய்டு நெல் கீறலுக்கு நஞ்சு. மருந்துக் கடையில் 'சிவந்த கண்ணுக்கு' என்று கேட்டு வாங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மிளகாய்ப்பொடிக்கும் தண்ணீர்தான், துடிதுடிக்க வைத்தாலும் அது பெரும்பாலும் நிலையான கெடுதல் செய்வதில்லை.

மழைக்காலத்தில் முருங்கை மரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் கம்பளிப்பூச்சியைக் கவனிக்க வேண்டும். அதன் மயிர்களில் நுண்ணிய முட்கள் உண்டு. கண்ணைக் கசக்கக் கசக்க அவை உள்ளே நகரும். சில கண்ணின் உள்ளறைவரை போய்விடும். கசக்காமல் வந்தால் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

ஆனி, ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கங்களில் மண்ணும் காற்றும் ஒன்றாகவே வரும். தலைக்கவசத்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் தூசியோடும் பூச்சியோடும் வருவார்கள். தூசி விழுந்தால் கசக்காமல் நாலைந்து முறை இமைத்துப் பாருங்கள், கண்ணீரே தள்ளிவிடும். வராவிட்டால் சுத்தமான தண்ணீரை ஓடவிடுங்கள். வெள்ளை விழியிலோ கீழ் இமையிலோ தெரியும் துணுக்கை நனைத்த சுத்தமான துணியின் நுனியால் எடுக்கலாம். கருவிழிமேல் ஒட்டியிருப்பதை வீட்டில் தொடவே கூடாது. ஊரில் சிலர் நாக்கால் துழாவி எடுப்பார்கள், சிலர் புல் நுனியால் எடுப்பார்கள். வாயில் உள்ள கிருமிகளைக் கீறிய கருவிழியில் தடவுவதைக் காட்டிலும் தூசியோடு ஆரம்ப சுகாதார நிலையம்வரை வருவது நல்லது. இமைக்கும்போதெல்லாம் உறுத்தி, துணுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அது மேல் இமையின் உட்புறத்தில் இருக்கும். இமையைப் புரட்டி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பட்டறைக்காரர்களின் கதை வேறு. திருநெல்வேலிப் பேட்டையிலும் சுற்று வட்டாரப் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இரும்பு அறுக்கும்போது பறந்து வந்து ஒட்டிய துணுக்கைக் கூட்டாளியைக் கொண்டு காந்தத்தாலோ ஊசியாலோ எடுக்கச் சொல்வார்கள். துணுக்கு வந்துவிடும், ஒரு நாள் தாண்டியிருந்தால் துரு வளையம் கருவிழியில் தங்கிவிடும், அதையும் முறையாக எடுத்தாக வேண்டும். இதைவிட ஆபத்தானது சம்மட்டியால் உளியை அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு. அது வேகமாக வந்து கண்ணைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிடும். துளை சிறிதாக இருப்பதால் வலியும் குறைவாக இருக்கும், முதல் நாள் பார்வைகூட நன்றாகவே இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் விழித்திரையையே துருவின் நஞ்சால் அழித்துவிடும். ஆகவே 'சுத்தியல் அடிக்கும்போது ஏதோ பட்டது' என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது, எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்க்க அந்த வாக்கியமே காரணமாகும். இரும்பு உள்ளே இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, ஏனென்றால் அதன் காந்தம் துணுக்கை இழுத்து நகர்த்திவிடும்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் நள்ளிரவில், மணலை அள்ளிக் கொட்டியதாக உறுத்தல் எழும். கண்ணைத் திறக்கவே முடியாது. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். குளிர்ந்த ஈரத் துணி, இருட்டறை, வலிக்கு மாத்திரை, மருத்துவர் தரும் களிம்பு ஆகியவை போதும். ஆனால் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதை விட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பரிசோதனைக்கு ஒருமுறை விடுவதற்கு மட்டுமே உரிய மருந்து அது. திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாது, கரையத் தொடங்கும். 25 வயதில் அப்படிக் கருவிழியைக் கெடுத்துக்கொண்ட பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் வருத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த மருந்தைப் பட்டறையில் யாரிடமாவது பார்த்தால் தயவுசெய்து வாங்கிக் குப்பையில் போடுங்கள்.

தண்ணீரே கூடாத கண் எது என்பதை இப்போது சொல்ல வேண்டும். உடைமுள் குத்தியிருந்தாலும், மாட்டுக் கொம்பு பட்டிருந்தாலும், பிள்ளைகள் விளக்குமாற்றுக் குச்சியில் செய்த அம்பு பாய்ந்திருந்தாலும், தீபாவளி வெடி முகத்தருகே வெடித்திருந்தாலும், கண் கிழிந்துவிட்டதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கருவிழியின் நடுவில் தெரியும் கண் பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டுக் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பது, கண்ணிலிருந்து கறுப்பாகவோ கூழாகவோ ஏதாவது எட்டிப் பார்ப்பது, கண் உள்வாங்கிச் சுருங்கியது, பார்வை திடீரென்று போனது ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தக் கண்ணைக் கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, சொட்டு மருந்தோ களிம்போ விடக் கூடாது. குத்தி நிற்கும் முள்ளையோ கம்பியையோ பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் அது அடைத்திருக்கும் துளை வழியே உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். டீக்கடையில் கிடைக்கும் காகிதக் கப் ஒன்றைக் கண்மேல் கவிழ்த்து, விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் தாங்கும்படி வைத்து, பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். அடிபட்டவருக்கு வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், காப்பிகூட வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து உடனே அறுவை செய்ய வேண்டி வரும். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1988 முதல் திருநெல்வேலியில் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. கிழிந்த கண்ணை அன்றைக்கே, கூடியவரை 24 மணி நேரத்துக்குள், தைத்துவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு போங்கள். தைக்காமல் விட்டால் அந்தக் கண்ணோடு போவதில்லை. அரிதாகச் சிலருக்கு, அடிபட்ட கண்ணின் காரணமாக அடிபடாத கண்ணும் அழற்சி கொண்டு பார்வை இழக்க நேரும்.

இமை கிழிந்திருந்தால், குறிப்பாக மூக்கோரத்தில் கிழிந்திருந்தால், கண்ணீர் போகும் நாளம் அறுந்திருக்கலாம். அதைக் கண் மருத்துவரிடம்தான் தைக்க வேண்டும். வேறு யாரிடமாவது வெளித்தோலை மட்டும் தைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்கக் கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, கிழியாமல் அடிபட்ட கண். கிட்டிப்புள்ளும் கிரிக்கெட் பந்தும் பள்ளி விடுமுறையில் இதற்கு முதல் காரணங்கள். பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டு வாலும், சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டுகிறவர்களுக்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிறும் காரணமாகின்றன. இப்படிப்பட்ட அடி எதுவானாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அடிபட்ட கண்ணால் மட்டும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். எண் மங்கலாகத் தெரிந்தாலோ, பாதிதான் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை இறங்குவது தெரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும். வெள்ளை விழியில் மட்டும் இரத்தம் திட்டாகச் சிவந்திருந்து பார்வை நன்றாக இருந்தால் அது பார்க்கப் பயமுறுத்துமே ஒழிய, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும். ஆனாலும் அடிபட்டதால் வந்தது என்பதால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கருவிழிக்குப் பின்னால் கீழ்ப்பாதியில் இரத்தம் மட்டம் கட்டி நின்றால் அது வேறு. தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்து, ஓடாமல் ஆடாமல் ஓய்வில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் முதல் ஐந்து நாளுக்குள் மறுபடியும் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்க வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிள்ளைக்குக் கண் சிவக்கக்கூட இல்லை, ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் வாந்தி எடுக்கிறது, சோர்ந்து படுக்கிறது என்றால், கண்ணைத் தாங்கும் எலும்பு விரிசல் விட்டுத் தசை அதில் சிக்கியிருக்கலாம். அதைத் தலையில் அடி என்று மட்டும் எண்ணிக் கண்ணை மறந்துவிடாதீர்கள்.

இவற்றில் பெரும்பகுதியைப் பார்வைக் கண்ணாடிக் கடையிலோ இரும்புக் கடையிலோ கிடைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று தடுத்துவிடும். களத்தில் தூற்றும்போதும், கருவேல் வெட்டும்போதும், உளி அடிக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ளலாம். வியர்வையில் வழுக்குகிறது, புழுக்கமாக இருக்கிறது என்று விவசாயிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஓரளவு தாங்கும். சுண்ணாம்பு உறையை வாங்கியவுடன் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒருமுறை பலமாக அடிபட்ட கண்ணில் வலி போய்ப் பார்வை திரும்பிய பிறகும், கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடிந்து போகும் இடத்தில் தழும்பு இருந்தால், சில ஆண்டுகள் கழித்துக்கூடக் கண்ணின் அழுத்தம் மெல்லக் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கலாம். அதற்கு வலி இருக்காது. சிறு வயதில் பந்தடி வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கப் போகும்போது எந்தக் கண்ணில், எந்த வயதில், எதனால் அடிபட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.